தொப்புள் புதைத்த இடம்

பெருங்கடல் நடுவே எங்கள் சிறு தீவான அகலேகாவில் புதியவரிடம் ஊர் எதுவென்று கேட்பதில்லை, "உன் தொப்புள் எங்க?" என்றே கேட்போம். பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் அதை மண்ணில் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை நடுவது எங்கள் வழக்கம். அந்தத் தென்னை நிற்கும் நிலமே பிள்ளைக்கு ஊர். பாதிரியார் தலையில் ஊற்றும் புனித நீர்கூட அதற்குப் பிறகுதான்.

அர்லேத்துக்கு அப்படி இரண்டு தென்னைகள் இருந்தன, இரண்டு மகன்களுக்கும் ஒவ்வொன்றாக. நடுத்தோப்பில், அவள் கணவன் லவால் தேங்காய் உரித்த இடத்தருகே அவை அடுத்தடுத்து நின்றன. விமான ஓடுபாதை போட வந்தவர்கள் இரண்டையும் ஒரே காலையில் வேரோடு சாய்த்தார்கள். அந்த வேர்களுக்குள் என்ன இருந்தது என்று சொல்லப் போனவளிடம், மரத்துக்கு மரம் புதிதாக நட்டுத் தருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அன்றுமுதல் அவள் ஓடுபாதையை அதன் பெயரால் அழைத்ததில்லை. "என் பிள்ளைங்க மேல ஊத்தின தார்" என்றே சொல்வாள்.

அந்தத் தாருக்குப் பணம் போட்டது கண்டத்துப் பெரிய நாடு ஒன்று. அதனோடு போட்டியிடும் இன்னொரு பெரிய நாடு இந்தப் பெருங்கடலைச் சுற்றித் துறைமுகம் துறைமுகமாகக் கட்டிவருகிறதாம். அதன் கப்பல்கள் எங்கே போகின்றன, எங்கே நிற்கின்றன என்று வானிலிருந்து பார்க்க வேண்டுமாம். எங்களைக் கூட்டி உட்காரவைத்துச் சொன்னது வேறு. நோயாளிகளை விமானத்தில் கொண்டுபோவோம் என்றார்கள். வெங்காயம் அழுகாமல் வந்து சேரும் என்றார்கள். துறை எழுந்தது, பாதை எழுந்தது, வேலி எழுந்தது. பிரசவ அறை மட்டும் எழவில்லை.

அதனால் பழைய ஒழுங்கு மாறவில்லை. வயிறு கனத்த பெண்ணைக் கப்பலேற்றித் தலைநகரான போர்ட் லூயிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே உறவினர் வீட்டு மூலையில் கிடந்து, பெற்று, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, காய்ந்த கொடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அவள் திரும்ப வேண்டும். கப்பல் வருவதோ சில மாதங்களுக்கு ஒருமுறை. ஆகவே எங்கள் பெண்கள் கர்ப்பத்தை மாதத்தால் எண்ணுவதில்லை, கப்பலால் எண்ணுகிறார்கள். ஒரு கப்பல் ஆயிற்று, இரண்டு கப்பல் ஆயிற்று என்பதே பேச்சு.

மூன்றாம் முறை சூல் கொண்டபோது அர்லேத் ஒரு கப்பலை மறைத்தாள்.

தீவின் தாதி மிரேய் போர்ட் லூயியில் படித்து வந்தவள், நல்லவள், கூர்ந்து பார்க்கும் கண்ணும் உள்ளவள். அர்லேத்தின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒரு கப்பல்தான் ஆச்சுங்கற. வயிறு ரெண்டு சொல்லுதே."

"தேங்காய்ப்பால் சோறு தின்னா வயிறு சிறுத்தா போகும்?"

"என்கிட்ட விளையாடாத அர்லேத். ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"உன் தலை உருண்டா திரும்ப ஒட்டிக்கலாம். என் மரம் ரெண்டு உருண்டுச்சே, யாரு ஒட்டினா?"

மிரேய் ஏட்டில் ஒரு கப்பல் என்றே எழுதிக்கொண்டாள். அர்லேத் ஏறியிருக்க வேண்டிய கப்பல் அவள் இல்லாமலே போயிற்று.

லவாலுக்கு உண்மை தெரியும். தோப்பு போனபின் அவன் ஓடுபாதைக்காரர்களிடம் கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் அஞ்சியது மனைவிக்காகவா, வேலைக்காகவா என்று அவனுக்கே தெளிவில்லை.

"கப்பல்ல போயிட்டு வந்தா என்ன? ரெண்டு தடவை போனியே."

"ரெண்டு தடவையும் திரும்பி வர விட்டாங்க. எலியேத் தாந்தீனைக் கேளு, விடாட்டி என்ன ஆகும்னு."

எலியேத்தை ஊரே தாந்தீன், அத்தை, என்றுதான் அழைக்கும். அவள் எங்கள் தீவுக்காரி அல்லள். கிழக்கே, வேறொரு வல்லரசு தளம் அமைத்துக்கொண்ட தீவுகளைச் சேர்ந்தவள். தலைப்பிரசவத்துக்கு அங்கிருந்து போர்ட் லூயிக்கு வந்தாள். கைக்குழந்தையோடு ஊர் திரும்பத் துறைக்குப் போனவளிடம், உன் தீவை மூடியாயிற்று என்றார்கள். கடையை மூடுவதுபோல ஒரு தீவை மூடினார்கள். போக இடமின்றி அவள் எங்கள் தீவுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய தொப்புள்தென்னை நின்ற இடத்தில் இன்று எவருடைய விமானம் நிற்கிறதோ, ஆண்டவர் அறிவார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திரும்பும் வழியில் அர்லேத்துக்கு வலி கண்டது. எலியேத்தான் முதலில் வந்தாள். பிறகு மிரேய் ஓடிவந்தாள். கப்பல் கணக்கை அந்த நொடியிலேயே உணர்ந்து முகம் வெளிறினாள். மாலை சாய்ந்தும் பிள்ளை இறங்கவில்லை. மிரேய் பொறுக்கமாட்டாமல் ஓடுபாதை வாயிலுக்கு ஓடினாள். உள்ளே சாம்பல் நிற விமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. காவல் அதிகாரி மரியாதையாகவே பேசினாராம், மிரேயும் மிஸியே, ஐயா, என்றே அழைத்தாளாம்.

"இது ஆள் ஏத்தற விமானம் இல்லம்மா. கடலைப் பாக்கற விமானம்."

"கடல் எங்கயும் ஓடிப் போகாது, மிஸியே. அந்தப் பொம்பள போயிடுவா."

"ரெண்டு தலைநகரத்துலயிருந்தும் அனுமதி வரணும். நான் என்ன செய்ய முடியும்?"

கேட்டு அனுப்பியிருக்கிறோம் என்றார். அந்த அனுமதி இன்றுவரை வரவில்லை. அதற்குள் எலியேத்தின் கைகளில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அரை நூற்றாண்டாக எங்கள் தீவு கேட்டிராத முதல் அழுகையைக் கேட்டு, வாசலில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். நடந்ததை மிரேய் அழுதுகொண்டே சொன்னாள். அர்லேத் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"அந்த விமானத்தை நான் கேக்கல, நீதான் கேட்ட. ஆனா இல்லன்னு சொன்னான் பாரு, அத மட்டும் நான் மறக்க மாட்டேன்."

கொடி விழுந்தது. அண்ணன்மார் இருவரின் மரங்களும் நின்ற இடத்திலேயே தங்கையின் மரமும் நிற்க வேண்டும் என்பது அர்லேத்தின் உறுதி. அந்த இடம் இப்போது தாருக்கும் வேலிக்கும் நடுவே புல்வெளியாகக் கிடக்கிறது. கடற்கரைப் பக்கம் வேலி முடியவில்லை; அவ்வழியே காலையில் அவளும் எலியேத்தும் நுழைந்தார்கள். எங்கள் மண்ணில் எதைப் புதைத்தாலும் நண்டு தோண்டிவிடும். ஆதலால் கொடியைப் பால்மாவு டப்பாவில் இட்டு, மூடியை மெழுகால் அடைத்துப் புதைப்பதே வழக்கம். அப்படியே செய்தார்கள். தென்னம்பிள்ளையை நட்டு, ஒரு 'மரியே வாழ்க' செபம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

நண்டு தோண்டவில்லை. மனிதர் தோண்டினர்.

ஓடுபாதை ஓரத்தில் இரண்டு பெண்கள் எதையோ புதைத்தார்கள், தகரம், மெழுகு. எதிரி நாட்டின் வேலை என்று எண்ணுவதற்கு வேறென்ன வேண்டும்? சங்கு ஒலித்தது. தடித்த உடுப்பணிந்தவர்கள் நீண்ட கழியால் தென்னம்பிள்ளையைப் புரட்டித் தள்ளி, குழந்தையின் கொடியை ஏதோ வெடிமருந்தைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நாளேனும் எங்கள் பிள்ளைகளை இவ்வளவு பதமாக எவரும் தூக்கியதில்லை.

மறுநாள் தீவு நிர்வாகி அந்த அதிகாரியோடு அர்லேத்தின் வீட்டுக்கு வந்தார்.

"அந்த டப்பாவுல என்ன இருந்துச்சு, அர்லேத்?"

"என் மக, மிஸியே."

நிர்வாகிக்கு எங்கள் வழக்கம் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு அதிகாரியிடம் தணிந்த குரலில் விளக்கினார். அதிகாரி அர்லேத்தின் பக்கம் திரும்பினார்.

"தெரியாமப் போச்சு. ஆனா அது இப்ப இங்க இல்ல. சோதிக்கறதுக்காக நேத்தே போர்ட் லூயிக்கு அனுப்பியாச்சு."

"எதுல அனுப்பினீங்க?" என்று கேட்டது எலியேத்.

அவர் பார்வை வெறுமையாகக் கிடந்த ஓடுபாதைப் பக்கம் போயிற்று. அந்த வாரம் தீவைவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான், எல்லோரும் பார்த்தோம். எலியேத் சிரித்தாள். அது கடிக்கிற சிரிப்பு.

"பெத்தவளை ஏத்த மாட்டாங்களாம், தொப்புளை ஏத்துவாங்களாம். ரெண்டு தலைநகரமும் அதுக்கு மட்டும் உடனே தலையாட்டிடுச்சு போல."

நிர்வாகி அவசரமாகக் குறுக்கிட்டார். "கவலைப்படாத. அடுத்த கப்பல்ல நீ குழந்தையோட போ. நேர்ல அடையாளம் சொல்லி வாங்கிக்கலாம். குழந்தையையும் ஒரு தடவை டாக்டர் பாத்த மாதிரி இருக்கும்."

அர்லேத் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எந்தக் கப்பலுக்கு அஞ்சி ஒரு கப்பலை மறைத்தாளோ, அதே கப்பலில் ஏறச் சொல்கிறார்கள். அதுவும் தங்கள் பிழையைத் திருத்துவதற்கு.

"மிஸியே, நம்ம ஊரு பேரு என்ன?"

"வேன்-சேங்க்."

"அப்படின்னா இருபத்தஞ்சு. ஏன் அந்தப் பேரு?"

அடிமைகளுக்கு இங்கே இருபத்தைந்து சவுக்கடி கொடுத்ததால் வந்த பெயர் என்பதை எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே கேட்டுவிடுகிறார்கள்.

"இது இருபத்தாறாவது அடி. நான் கப்பல் ஏற மாட்டேன். எதுல எடுத்துக்கிட்டுப் போனீங்களோ அதுலயே கொண்டாங்க."

அவர்கள் போனபின் அவள் குழந்தையைத் துணியால் மார்போடு கட்டினாள். புரட்டிப்போட்ட தென்னம்பிள்ளையை எலியேத் வேலியோரத்திலிருந்து மீட்டு வந்திருந்தாள். வேர் இன்னும் காயவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஓடுபாதையின் பெரிய வாயிலுக்கு நடந்தாள். கல் லாரிகள் உள்ளே நுழையும் மண்பாதையின் நட்டநடுவில் குழி பறித்து அதை நட்டாள். அருகே அமர்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்களே தவிர, பால் குடிக்கும் பிள்ளையை அகற்றும் கட்டளை அவர்களிடம் இல்லை.

முதலில் வந்த லாரி லவாலுடையது.

அவன் வண்டியை நிறுத்தினான். மனைவியைப் பார்த்தான், கன்றைப் பார்த்தான். பின்னால் வேறு லாரிகள் வந்து ஒலி எழுப்பின. அதிகாரி வாயிலுக்குள்ளிருந்து கையசைத்தார்.

"ஓரமாச் சுத்தி வா. இடம் இருக்கு."

இடம் இருந்தது உண்மைதான். லவால் இயந்திரத்தை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

"இடம் இல்ல, மிஸியே. அங்க என் மக நிக்கறா."

அவன் போய் அர்லேத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் நின்ற ஓட்டுநர்களும் எங்கள் ஊர்க்காரர்களே. ஒலி ஒவ்வொன்றாக அடங்கியது. நண்பகலில் எலியேத் பருப்பும் சோறும் பெரிய பானையில் கொண்டுவந்து வாயிலின் எதிரே இறக்கினாள். சாம்பல் நிற விமானம் இன்னும் திரும்பவில்லை. திரும்பும்போது அந்த டப்பா அதில் இருக்க வேண்டும். அதுவரை லாரி நகராது.