அண்ணன் தொடக் கூடாது

என் அக்காவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் இருபத்தைந்து வருடமாக நர்ஸ். புண்ணைத் துடைக்காமல் மேலே பஞ்சை வைத்துச் சுற்றி அனுப்புகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டு ஆட்கள் இதற்கு நேர் எதிர். எதையும் தேய்க்க மாட்டார்கள், மேலே பூசிவிட்டுப் போய்விடுவார்கள். கடைசியில் அந்தச் சோம்பேறித்தனம்தான் அவர்களைக் காட்டிக் கொடுத்தது.

கல்யாணத்துக்கு அப்பா ஒரு கட்டிலும் ஒரு பீரோவும் கொடுத்தார். பீரோவுக்காக நல்ல தேக்காகப் பார்த்து வாங்கி, எங்கள் தெருக்கோடித் தச்சரிடம் கொடுத்து, தினமும் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரண்டு பேரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். தச்சர் கொஞ்சம் வேலை செய்வார், நிறையப் பேசுவார்கள்.

கல்யாணமான முதல் மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அக்கா எங்கள் வீட்டில் பதினைந்து நாள் இருந்தாள். திரும்பிப் போனால், அங்கே கட்டில், பீரோ எல்லாம் காப்பி நிறம். நாத்தனார் அறையிலிருந்த, கிட்டத்தட்ட அதே அளவுப் பழைய பீரோவும் அதே நிறம். "எல்லாம் ஒரே கலரா இருந்தாத்தானே வீடு பாக்க லட்சணமா இருக்கும்" என்றாராம் மாமியார். ஆறே மாதத்தில் நாத்தனாருக்குக் கல்யாணமாகி அந்த இன்னொரு பீரோவும் அவளோடு போனது.

அதற்குப் பிறகுதான் குத்திக் காட்டல் ஆரம்பித்தது. அப்பா ஒருமுறை போயிருந்தபோது, மாமியார் அவரைப் படுக்கையறைக்கே கூட்டிப்போய் பீரோ கதவை விரலால் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று பொந்துச் சத்தம். "சம்பந்தி, தேக்குன்னீங்களே? கேளுங்க, எப்படிப் பேசுதுன்னு." அப்பாவும் தட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. நேராகத் தச்சரின் பட்டறை வாசலுக்குப் போய், தெருவே வேடிக்கை பார்க்க, "மரத்தைத் தின்னுட்டியேடா" என்று கத்தினார். தச்சர் எவ்வளவோ சொன்னார். அப்பா காதில் வாங்கவில்லை. அன்றோடு சிநேகிதம் முறிந்தது. மகள் வீட்டுக்குப் போனால் கேட்டருகிலேயே நின்று பேசிவிட்டுத் திரும்புவார். இருபத்தேழு வருடம், உள்ளே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

மாமியார் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. போன மாதம் அக்கா பத்து நாள் லீவு போட்டு, உப்புத்தாள், பட்டி, பிரைமர், நீல எனாமல் எல்லாம் வாங்கி வந்தாள். தூங்கும் அறையாவது தன் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்றாள். ஆயுசில் ஒரு பிரஷ்ஷைக்கூடக் கழுவியறியாத அத்தான், "பெயின்டரம்மாவுக்கு டீ ரெடியா?" என்று கிண்டல் அடித்துக்கொண்டு பேப்பர் படித்தார். அக்கா கீலைக் கழற்றி, பீரோக் கதவைப் பின்கட்டில் சாய்த்துவைத்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்த்தாள்.

காப்பி நிறம் போனதும் அடியில் ரோஸ் நிறம் வந்தது. புதுத் தேக்குக்கு யார் ரோஸ் அடித்தார்கள்? இன்னும் மெதுவாகத் தேய்த்தாள். ரோஸ் நிறத்தின் மேல் காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள். கீறல்களுக்குள் காப்பி நிறம் இறங்கி உறைந்திருந்ததால் அச்சடித்ததுபோலத் தெளிவாக இருந்தன: "இது என் பீரோ. அண்ணன் தொடக் கூடாது."

நாத்தனாரின் குழந்தைக் கையெழுத்து. அதாவது எங்கள் அப்பா கொடுத்த தேக்கு நாத்தனார் வீட்டில் நிற்கிறது. அவளுடைய மட்டமான பலகைப் பீரோவைத்தான் அக்காவின் அறையில் வைத்துவிட்டு, அதைத் தட்டித் தட்டி எங்கள் அப்பாவை அவமானப்படுத்தினார்கள்!

அக்கா அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்தக் கல்லுளிமங்கன் குனிந்து படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அம்மா சொன்னாங்க, மாத்தி வெச்சோம். நான் ஒரு பக்கம் பிடிச்சேன், அவ்வளவுதான். இப்ப எதுக்கு அதெல்லாம்? மேல ரெண்டு கோட் அடி, மறைஞ்சிடும்."

தெரிந்தே இருந்திருக்கிறார்! மாமனார் கேட்டருகில் வெயிலில் நின்ற ஒவ்வொரு முறையும் தெரிந்தே இருந்திருக்கிறார்.

அக்கா கத்தவில்லை. கதவைப் பழைய போர்வையில் சுற்றி, ஒரு வேன் பிடித்து, என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அப்பா அதே தெருவில், அந்தப் பழைய வீட்டிலேயே என்னோடுதான் இருக்கிறார், எண்பத்தொரு வயது. கதவை அவர் முன்னால் நிறுத்தி, நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கீறல்களை விரலால் தடவினார். பிறகு டொக் டொக் என்று தட்டினார்.

சம்பந்தியைத் திட்டுவார், மருமகனைத் திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். நானே நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

"அப்போ அவன் சொன்னது நெஜம்" என்றார். "தச்சன். அவனைப் பாக்கணுமே."

அக்காதான் சொன்னாள். "அவர் செத்துப் பதினொரு வருஷமாச்சேப்பா. நீங்க சாவுக்குக்கூடப் போகல."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சம்சாரம் இருக்காங்கல்ல? மகன் இருக்கான்ல? தெருவுல நின்னுதானே ஏசினேன். தெருவுல நின்னே சொல்றேன். என் சட்டையை எடு."

அக்கா போனை எடுத்தாள். "உடனே கிளம்பி வாங்க" என்றாள் அத்தானிடம். அந்தப் பக்கம் என்னவோ சாக்கு. "அப்பா முன்னால நடப்பாரு. நீங்க கதவைத் தூக்கிட்டுப் பின்னால வரணும். தெருக்கோடி வரைக்கும். உங்களுக்குத்தான் தூக்கிப் பழக்கம் இருக்கே."

வந்தார். வராமல் என்ன செய்வார்? அக்காவின் அப்படியொரு குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை. எழுத்து வெளியே தெரியும்படி கதவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு நடந்தார். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் படித்தார்கள். ஒரு கை கொடுக்கலாமா என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது ஒன்றும் தேக்கு இல்லையே, கனமா இருக்கப் போகிறது?