ஒன்பதாவது தலைமையாசிரியரின் தீர்ப்பு நகல்

கோர்ட்டில் தீர்ப்பு நகல் கொடுக்கும் காப்பி செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தேதிகளைச் சரியாக எழுதுவேன் என்று நம்பி, அரிமளம் பக்கத்துப் பள்ளி ஒன்றின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதச் சொன்னார்கள். தலைமையாசிரியர்கள் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். மலர்க்குழுத் தலைவர் ஒன்பதாவது பெயரில் விரலை வைத்தார்.

"இவரை எடுத்துருங்க சார். ஸ்கூல் வாசல் புளியமரத்தை வெட்டி வித்த கேஸு." யாரோ ஒருவர் பேசிப் போட்ட வீடியோவைச் செல்லில் ஓட்டினார். "எல்லா குரூப்லயும் சுத்துது. ஊரே பாத்துருச்சு."

"ஊரு பாத்தது வீடியோவைத்தாங்க. மரம் வெட்டுனதை யாரு பாத்தா?"

மறுநாள் எஃப்.ஐ.ஆர். நகலோடு வந்தார். "ஸ்டேஷன் சீல் இருக்கு. இதையும் நம்ப மாட்டீங்களா?"

நம்பினேன், அது சொல்லும் அளவுக்கு மட்டும். இன்னார், இன்ன தேதியில் வந்து, இப்படிப் புகார் கொடுத்தார். அதற்குமேல் எஃப்.ஐ.ஆர். எதற்கும் பொறுப்பில்லை. வீடியோக்காரரும் அதை வாசித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். வழக்கு என்ன ஆனது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த ஒன்பதாவது தலைமையாசிரியர் வீட்டுக்குப் போய்த் தீர்ப்பு நகல் கேட்டேன்.

"விடுதலைன்னு ஜட்ஜ் சொன்னாரு, பஸ் ஏறி வந்துட்டேன். காகிதம் எதுக்குங்க?"

"வாயால சொன்னது அந்த ஹாலோட போச்சு சார். இதுல கையெழுத்துப் போடுங்க" என்று நகல் மனுவை நீட்டினேன்.

சான்றிட்ட நகல் வந்தது. ரோட்டை அகலமாக்க, சாலைத்துறையே ஏலம் விட்டு வெட்டிய மரம் அது. ஏல உத்தரவு சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தது. வெட்டியதைத் தான் பார்க்கவில்லை என்று புகார்தாரரே குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார்.

குழுவில் வரிவரியாக வாசித்தேன். தலைவர் அசையவில்லை. "எல்லாம் சரிதான் சார். ஆனாலும் எதுக்கு வம்பு?"

"அவர் பெயரை எடுத்தா, நான் எழுதுன அத்தனை பக்கத்தையும் எடுத்துருங்க. பன்னெண்டு பேரு இருந்த ஸ்கூலுக்குப் பதினொண்ணுன்னு எழுத எனக்கு வராது."

பெயர் நின்றது. ஜெயித்த மிதப்பில் நான் ஒரு தப்புச் செய்தேன். அவர் பெயருக்குக் கீழே வழக்கு எண், தீர்ப்புத் தேதி, 'விடுதலை' என்று அடிக்குறிப்புச் சேர்த்து, புரூஃபைப் பெருமையாகத் தலைமையாசிரியரிடமே காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மத்த பதினோரு பேருக்கும் கேஸ் இல்லைன்னு போட்டிருக்கீங்களா?"

அவர் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன்.

ஒரு காகிதத்தை அது எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு மட்டும் நம்ப வேண்டும் என்பது செக்‌ஷன் கற்றுக்கொடுத்தது. விடுதலையான மனிதரிடம் தினமும் அத்தாட்சி கேட்கக்கூடாது என்பதை அவரிடம் கற்றேன். இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் மனுப் போட்டுத் தீர்ப்பை வாங்கிப் படிக்கட்டும். மலரில் அதற்கு இடம் கிடையாது.