மண்டூர் மணிக்குத் திரும்பாத பிள்ளை

முருகனடியார்களே, போன வருடம் ஆவணித் திருவிழாவுக்கு முந்தைய வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் மகன் குகனில் ஏதோ சரியில்லை என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வீட்டில் அதைச் சொல்ல முடியாது. குகன் மண்டூரான் கொடுத்த பிள்ளை.

அக்காவுக்குக் கலியாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் பூசை செய்யும் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார். மந்திரச் சத்தம் கேட்காது. மூலத்தானத்தின் திரையும் விலகாது. அந்த மௌனத்துக்கு முன்னால் நின்று அக்கா நேர்த்தி வைத்தாள். பிள்ளை கிடைத்தால் ஒரு திருவிழா முழுக்கத் தானும் பேசாமல் இருப்பதாக. குகன் பிறந்தான். அக்காவும் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

குகனும் அமைதியான பிள்ளையாகவே வளர்ந்தான். பசித்தால் கொஞ்சம் சிணுங்குவான், அவ்வளவுதான். முற்றத்தில் வெடி கொளுத்தினாலும் தூங்குவான். மௌனச்சாமி கொடுத்த பிள்ளை, அவரைப்போலத்தானே இருப்பான் என்று ஊரே சொன்னது. பக்கத்து வீட்டு மச்சி வேலியில் நின்று கேட்பாள்: “என்ட கழுதை விடியவிடியக் கத்துது. ஒரு கிழமைக்கு மாத்திப் பாப்பமா கா?”

“போ கா. என்ட சாமிப்புள்ளையத் தரமாட்டன்” என்பாள் அக்கா. முகமெல்லாம் பெருமை.

நான் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறேன். எங்கே என்ன வகுப்பு என்றாலும் போய் நிற்பேன். போன வருடத் திருவிழாவுக்குச் சற்று முன் எங்கள் பகுதிச் சுகாதாரத் தொண்டர்களுக்கும் தாய்மாருக்கும் ஒரு பயிற்சி நடந்தது. வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளைகளை வெள்ளெனவே, காலம் பிந்தாமல், கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். சனம் உட்காரக் கதிரை போடப் போன நான் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டேன். “தங்கச்சி, மத்தாக்களும் கொஞ்சம் கேக்கட்டுமே” என்று பயிற்றுநர் சிரித்தார்.

பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா, பப்பப்பா மம்மம்மா என்று கதை பழகுகிறதா, வேண்டியதை விரலால் காட்டுகிறதா என்றெல்லாம் பார்க்கச் சொன்னார். ஒன்று பிந்தினாலும் வளரவளரச் சரிவரும் என்று காத்திருக்க வேண்டாம், கிளினிக்கில் காட்டுங்கள் என்றார். காது கேட்காத பிள்ளையைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் பேச வைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, பிந்தப்பிந்தக் கஷ்டம் என்றும் சொன்னார்.

எனக்குக் குகனின் நினைப்புத்தான் வந்தது. குகனுக்கு ஒரு வயது கடந்திருந்தது. ஆரம்பத்தில் வந்த ஒன்றிரண்டு மழலைச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

வீட்டுக்கு ஓடிப்போய் அவன் முதுகுக்குப் பின்னால் கை தட்டினேன். திரும்பினான். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். அடுத்த நாள் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. காலால் நிலத்தில் உதைத்தேன். திரும்பினான். “என்னகா, என்ட புள்ளைக்குச் சோதினை வெக்கிறியா?” என்று அக்கா முறைத்தாள். என் நிழலையும் நில அதிர்வையும் உணர்ந்துதான் அவன் திரும்பியிருக்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது குழம்பிப்போனேன். யாரிடம் கேட்பது?

சாமித்தட்டுக்கு முன்னால் போய் இருந்தேன். “முருகா, இவனுக்கு ஒன்றுமில்லை என்றால் அதைக் காட்டு. இருக்கிறதென்றால், எனக்கு மட்டும் காட்டாதே. நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.” கட்டளை போடுவதுபோலத்தான் கேட்டேன். என் குணம் அப்படி.

திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையில் பாதை ஏறினோம். வாவியைக் கடக்கும் அந்த மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்றுதான் பெயர். கோயிலில் நல்ல சனம். அத்தானின் தோளில் இருந்தபடி குகன் என் காப்பைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல விழிப்பு, நல்ல விளையாட்டு.

கப்புகனார் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். சட்டென்று மணி அடித்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருத்தியின் கைக்குழந்தை துள்ளி விழுந்து வீரிட்டது. எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. குகன் இமைக்கவில்லை. காப்பிலேயே கண். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அவன் காப்பை உருட்டிக்கொண்டே இருக்கிறான்.

எனக்குக் கண்ணீர் கொட்டியது. பக்தியில் அழுகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் வழி விட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் அத்தானின் கண்ணும் நிறைந்திருந்தது. அவர் வாவியில் மீன் பிடிப்பவர்.

“நீ பாத்தத்த நானும் பாத்தன் புள்ள” என்றார் மெதுவாக. “தோணி இஞ்சின ஸ்டாட் பண்ணினாலும் இவன் இப்பிடித்தான். ஒங்கக்காட்டச் சொல்லப் பயம்.”

திரும்பி வரும்போது பாதையில் வைத்து அத்தான் சொல்லிவிட்டார். அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

“மண்டூரான் குடுத்ததில பிழை புடிக்கிறியா? கம்பஸுக்குப் போனாச் சாமியும் பொய்யா?”

“அக்கா, அங்க வாயத்தானே கட்டுறாங்க? மணிய ஆரும் கட்டிவெக்கல்லயே. எல்லாருக்கும் கேக்கட்டும் எண்டுதானே அந்த அடி அடிக்காங்க.”

குகன் தண்ணீரில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனுக்குப் பின்னால் சரிந்து, காதருகே, “மனே” என்று மகனைக் கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் உரக்க, “மனே.” பாதை கரையில் முட்டும்வரை கூப்பிட்டாள். அவன் கொக்கையே பார்த்தான்.

“நாளைக்கு மிட்வைப் மிஸ்ஸிட்டப் போவம்” என்றாள் அக்கா.

அதன் பிறகு எதுவும் நிற்கவில்லை. ஊர் மருத்துவிச்சியான அந்த மிஸ் அவனோடு பேசிப் பார்த்துக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்து பெரியாஸ்பத்திரி. இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. அக்கா அன்று முழுக்க அழுதாள். ஆனால் வெள்ளெனவே கொண்டுவந்தது நல்லது என்று டொக்டர் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். குகனுக்குக் காது மெசின் வந்தது. முதல் நாளே கழற்றி அத்தானின் மீன் கூடைக்குள் எறிந்தான். அடுத்த நாளும் எறிந்தான். அக்கா விடவில்லை. முகத்துக்கு நேரே இருந்து நாள் முழுக்கக் கதைக்கச் சொல்லியிருந்தார்கள். பேசாமல் நேர்த்தி தீர்த்த அக்கா எங்கள் வீட்டு ரேடியோ ஆனாள். சோறு என்பாள், காகம் என்பாள், அத்தானுக்கு ஏசுவதையும் அவனுக்கு ஒருமுறை சொல்லிக் காட்டுவாள்.

இந்த ஆவணியில் மறுபடியும் பாதை ஏறினோம். அதே கோயில், அதே சனம். குகன் அத்தானின் தோளில், இரண்டு காதிலும் மெசின். கப்புகனார் உள்ளே போனார். நான் குகனின் முகத்தையே பார்த்தேன்.

மணி அடித்தது.

குகன் துள்ளினான். வாய் கோணியது. பிறகு ஒரு கத்தல் கத்தினான் பாருங்கள், அந்த மௌனக் கோயில் கிடுகிடுத்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். ஒரு அம்மா, “புள்ளைய வெளிய கொண்டு போங்கவன்” என்றார். அத்தான் ஓட வெளிக்கிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கத்தட்டும்” என்றாள், அழுதுகொண்டே சிரித்தபடி. “அவனுக்குக் கேக்குது. கத்தட்டும்.”

அந்த அம்மாவுக்கு விசயம் தெரிந்ததும் அவரும் அழுதார். கோயிலில் நான் கேட்ட அத்தனை பசனையிலும் அந்தக் கத்தலைப்போல ஒன்றைக் கேட்டதில்லை.

இப்போது குகன் அக்காவை “ம்மா” என்கிறான். மணியை “ணாங்” என்கிறான். நான் அடுத்தடுத்த பயிற்சிகளுக்குத் தொண்டராகவே போகிறேன். கதிரையும் போடுகிறேன், கேள்வியும் கேட்கிறேன்.

அடியார்களே, சாமி கொடுத்த பிள்ளை என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். சிரிக்கப் பிந்தினாலும், நிமிர்ந்து இருக்கப் பிந்தினாலும், கதைக்கப் பிந்தினாலும் சொல்லப் பயப்படாதீர்கள். நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம், மிஸ்ஸிடம் காட்டுங்கள். எங்கள் வேண்டுதலுக்கு மண்டூரான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அடுத்த முறை கோயிலில் மணி அடிக்கும்போது, கும்பிட்ட கையோடு ஒரு தரம் உங்கள் தோளில் கிடக்கும் பிள்ளையின் முகத்தையும் பாருங்கள்.