தங்கை முந்திக்கொண்ட வருடம்

என்னைவிட ஒன்றரை வயது இளையவள் தங்கை. எனக்கு முன்பே வயதுக்கு வந்துவிட்டாள். அப்போது நான் பத்தாவது, அவள் ஒன்பதாவது. அப்பா இறந்தபின் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு பெருமாநல்லூருக்கு வந்த அம்மா, பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். குடியிருந்தது லைன் வீட்டில்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. மூத்தவள் நிற்க இளையவளுக்குச் சடங்கு வைத்தால், மூத்தவளுக்கு என்ன குறை என்று ஊர்ச்சனம் கேட்குமே!

“அக்காவும் ஆகட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சடங்கா வச்சிருவோம். அதுவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடப்படாது. வெளிய தெரிஞ்சா அப்புறம் பள்ளிக்கூடம் கெடையாது, இவ என்கூட கம்பெனி வேன்ல வேலைக்கு வர வேண்டியதுதான். வயசுப்பிள்ளைய லைன் வீட்ல தனியா விட முடியாது.”

அம்மா அந்தப் பக்கம் போனதும் தங்கை என் காதில் சொன்னாள்: “நீ மெதுவாவே ஆவு, என்ன?”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பிறகு அவள் என்னோடு சிரிக்கவில்லை. கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடுவோமே, அதற்கும் வரவில்லை. துவைத்த துணியை இன்னொரு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அவளுக்கு உளுந்தங்களி கொடுத்தாள். எனக்கு நாக்கு ஊறியது.

“எனக்கு?”

“இது உனக்கில்ல. நீ சின்னப்பிள்ள” என்றாள் தங்கை. அக்காளைப் பார்த்து!

அந்த எரிச்சல் அடங்குவதற்குள், குழாயடியில் வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங்கண்ணு, உன் தங்கச்சிய ஏன் தண்ணிக்கே காணோம்?”

“அவ பெரிய மனுஷி ஆயிட்டாங்க. மூணு மாசம் ஆச்சு. சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு.”

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். “சின்னவளா? அப்ப நீயி? தங்கச்சி முந்திக்கிட்டாளாக்கும்!”

குழாயடியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா வேனிலிருந்து இறங்குவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாமா சீரோடு வந்தார். வாசலில் பந்தல் போட்டார்கள். தங்கை பட்டுச்சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவளுக்குப் பொட்டு வைத்துவிட்டு என்னைத் தேடினார்கள். “மூத்தவ இன்னும் குத்தவைக்கலையா?” அவள் மட்டும் என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த திங்கட்கிழமை அம்மா கம்பெனியில் வயதைக் கூட்டிச் சொல்லி அவளைப் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டச் சேர்த்துவிட்டாள். ஒன்பதாவது புத்தகங்கள் அலமாரியில் கிடந்தன. நான் படித்து முடித்து அவளுக்குக் கொடுத்தவை. அவளுக்குப் பிறகு வாங்கிக்கொள்ள எங்கள் வீட்டில் யாருமில்லை.

எட்டு மாதம் கழித்து என் முறை வந்தது. எனக்குத் தண்ணீர் ஊற்றத் தங்கை கம்பெனியிலிருந்து வந்தாள். விரல்களில் கத்தரி பிடித்த காய்ப்பு.

“வலிக்குமாடி?”

“பழகிரும்.”

என்னையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்களோ என்று பயந்துகொண்டே அம்மாவைக் கேட்டேன்.

“நீ படி. ஒருத்தியாவது படிக்கட்டும். அதான் சின்னவ சம்பளம் வருதுல்ல” என்றாள் அம்மா.

தங்கை வாளியைக் கவிழ்த்து வைத்தாள். “ஒரு மணி நேரந்தான் பெர்மிஷன் போட்டிருக்கேன், நான் கெளம்புதேன்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்று என்னை உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். உள்ளேயிருந்தே நான் அவளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.