ஒன்பதுக்குக் குச்சி இடது பக்கம்

என் மகனுக்கு வேண்டிய மருந்துப் பெட்டியின் மேல் ஒன்பது என்று இருக்க வேண்டும். நாம் எழுதுகிற ஒன்பது இல்லை. முதலில் ஒரு குச்சி, அதற்குப் பிறகு ஒரு பெருக்கல் குறி. IX. ரோமன் எண் என்று அதற்குப் பெயர். தமிழை நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மலையாளத்தில் பஸ் போர்டு மட்டும் படிப்பேன். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் வராது. ஆனால் ரோமன் எண்ணில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று போன மழைக்காலம் வரை நினைத்திருந்தேன்.

அவனுக்கு ரத்தம் சீக்கிரம் உறையாது. பிறவியிலேயே அப்படி. சூரியநெல்லிக்குப் பக்கத்தில் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது, நடை பழகும் வயதில் விழுந்து உதடு கிழிந்து மூன்று நாள் ரத்தம் கசிந்தது. பிறகுதான் கோட்டயத்துக்குக் கொண்டுபோய்க் கண்டுபிடித்தோம். ரத்தம் உறைவதற்கு உடம்பில் பல சத்து இருக்கிறதாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பராம். நிறையப் பேருக்கு எட்டாம் நம்பர் இருக்காது. இவனுக்கு ஒன்பதாம் நம்பர் இல்லை. இது தாய் வழியாகப் பையனுக்கு வரும் என்று டாக்டர் சொன்னார். நான் அழவில்லை. என் வழியாக வந்தது என்றால் நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுந்து வந்தேன்.

அவன் மூன்றாவது படிக்கும்போது ஒருமுறை இடது முழங்காலுக்குள் ரத்தம் இறங்கிக் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. மருந்து பக்கத்தில் எங்கும் இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் மாறி மாறிப் போய், ஐஸ் பிளாஸ்கில் வைத்துப் பெட்டியைக் கொண்டுவந்தார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பிரித்துப் பார்த்த கம்பவுண்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அண்ணே, இது எட்டுல்லா? பையனுக்கு ஒம்போதுல்லா வேணும்!"

"எட்டு எங்க இருக்கு அதுல? குடுத்தாக, வாங்கியாந்தேன்" என்றார் இவர்.

பெட்டியில் V என்று ஒரு கவட்டை, பக்கத்தில் மூன்று குச்சி. அதுதான் எட்டாம் நம்பராம். இவர் ஆறாவது வரை படித்தவர், அவருக்கே தெரியவில்லை. சாப்பிடாமல் திரும்பவும் பஸ் ஏறினார். அந்த இரண்டு நாள் என் மகன் அழுத அழுகையில் லயத்தில் யார் வீட்டிலும் சமையல் ஒழுங்காக நடக்கவில்லை. சரியான மருந்து வந்து வீக்கம் வடிந்தது. ஆனால் அந்த முழங்கால் அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. இன்றைக்கும் படி ஏறினால் வலது காலை முன்னால் வைத்து ஏறுவான்.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கம்பவுண்டரிடம் போய் நின்றேன். "எனக்கு அந்தக் குச்சிக் கணக்கச் சொல்லிக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்குக்கா?"

"எம் பையன் காலுக்கு."

மாத்திரை போடுகிற காகித உறை ஒன்றைக் கிழித்து விரித்து எழுதிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் குச்சிகள். ஐந்துக்குக் கவட்டை. பத்துக்குப் பெருக்கல். அதுவரைக்கும் சரி. நாலுக்கு மட்டும் கவட்டைக்கு முன்னால் ஒரு குச்சி போட்டார்.

"நாலுக்கு நாலு குச்சி போட்டா என்ன?"

"அஞ்சுக்கு ஒண்ணு குறைச்சல்னு அர்த்தம்க்கா."

"கடையில போயி அஞ்சுக்கு ஒண்ணு குறைச்சலாத் தேங்கா குடுன்னு கேப்பீயளா?"

"இத எழுதி வச்சவன் செத்து எவ்வளவோ காலம் ஆச்சு. என்கிட்டச் சண்டைக்கு வராதீய."

இடது பக்கம் குச்சி நின்றால் ஒன்று குறைவு, வலது பக்கம் நின்றால் ஒன்று கூடுதல். இதுதான் சூட்சுமம். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அடுப்புக்கு எடுத்து வந்திருப்போம். பற்றவைக்கும் முன்னால் தரையில் அடுக்கிப் பார்ப்பேன். ஆறு, ஏழு, எட்டு. பத்துக்கு முன்னால் ஒரு குச்சி வைத்து ஒன்பது. அதை எடுத்துப் பின்னால் வைத்துப் பதினொன்று. பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் அடுப்பில் செருகிவிடுவேன். ஒன்பதை எரித்துச் சோறு வடித்தவள் எங்கள் லயத்தில் நான் ஒருத்திதான்.

பத்துப் பதினைந்து நாளில் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போனால் வகுப்பு வாசலில் ரோமன் எண்ணில் எழுதியிருப்பதைப் படிப்பேன். தொழிற்சாலை வராந்தாவில் ஒரு பழைய கடிகாரம் இருந்தது. அதில் நாலுக்கு நாலு குச்சியே போட்டிருந்தது. கடிகாரத்தில் தப்பு இருக்கிறது என்று, தூள் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கரிடம் சொன்னேன். அவர் அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். "பத்து வருசமா இதுல மணி பாக்குதேன், இன்னைக்குத்தான் கண்ணுல படுது" என்றார். அன்றைக்குக் கொழுந்து இரண்டு கிலோ கூடவே பறித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மருந்துப் பெட்டி எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் நான் பார்க்காமல் பிரித்ததில்லை. "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே இவர் பெட்டியை என் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். இவர் காலமான பிறகு மகன் பிடித்தான். இடது பக்கம் குச்சி. சரி, பிரி என்பேன்.

இனி போன மழைக்காலத்துக்கு வருகிறேன்.

மகன் இப்போது டூரிஸ்டுகளுக்குத் தேயிலைத்தூள், ஏலக்காய், மிளகு விற்கிற கடை வைத்திருக்கிறான். நானும் போய் ஏலக்காய் பாக்கெட் போடுவேன். ஒரு நாள் காலையில் மழைச்சாரலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். வெளியே போனவன் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்து, அந்த இரும்பு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டான். டங் என்று சத்தம். காயம் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு புடைப்பு மட்டும். அவனே சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலில் ரத்தம் இறங்கினால் கால் வீங்கும், கண்ணுக்குத் தெரியும். தலைக்குள் இறங்கினால் எப்படித் தெரியும்? அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்தான். "எம்மா, தல கனக்குது" என்றான். பக்கத்துக் கடைக்காரர் ஜீப்பை எடுத்தார். ரிசார்ட்டில் வேலைக்குப் போயிருந்த மருமகளுக்குப் போன் போட்டுவிட்டுக் கீழே தாலுக்கா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். வளைவுக்கு வளைவு அவன் தலை என் தோளில் வந்து விழுந்தது. நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் எப்போதும் பையில் வைத்திருக்கும் நோய் விவரக் கார்டைப் பார்த்ததும் டாக்டரம்மா சொன்னார்: "முதலில் மருந்து. அது ஏறின பிறகு ஸ்கேன்." சின்ன வயசுதான், ஆனால் பதறாத ஆள். மருந்து அங்கேயே ஸ்டாக் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

மலையாளம் பேசுகிற நர்ஸ் சிஸ்டர் ஒருத்தி டிரேயைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் இந்தப் பக்கம். மகன் நடுவில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். எப்போதும் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறவன் அவன்தான். அன்றைக்கு அவனால் முடியாது. டிரேயில் கிடந்த பெட்டியை நானே எட்டிப் பார்த்தேன்.

முதலில் பெருக்கல். பிறகு குச்சி. பதினொன்று.

சிஸ்டர் அதற்குள் பொடியில் தண்ணீரை விட்டு, குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்கு மேலாகவே எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அம்மச்சி! எந்தா இது? கை விடு!"

"இது வேண்டாம். இது பதினொண்ணு. எம் பிள்ளைக்கு ஒம்போதுதான்."

"ஒம்பது தன்னே அம்மச்சி. ஞான் நோக்கிட்டுதான் எடுத்தேன்."

"நான் கண்ணால பாத்தேன். பதினொண்ணு. நிறுத்துங்க!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சிஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. தலைக்குள் ரத்தம் இறங்குகிறதோ என்னவோ, ஒவ்வொரு நிமிஷமும் போகிறது. நிறுத்தியது நான். ஆனால் எட்டாம் நம்பர் வந்த அந்த இரண்டு நாள் எனக்குத்தான் தெரியும். கையை விடவில்லை.

டாக்டரம்மா பெட்டியை எடுத்துப் பார்த்தார். "ஒன்பதுதாம்மா" என்று என் பக்கம் நீட்டினார்.

பார்த்தேன். குச்சி, பிறகு பெருக்கல். ஒன்பது.

"இப்ப ஒம்போது. அப்பப் பதினொண்ணா இருந்துச்சே!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்குப் பதற்றத்தில் கண் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள். சிஸ்டர்தான் கெட்டிக்காரி. என் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்து, பெட்டியை வாங்கிப் பழையபடி டிரேயில் வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி என் பக்கம் வந்து, என் தோளோடு தோளாக நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ டாக்டரே! இங்கேருந்து பார்த்தால் அப்படியே பதினொண்ணு!"

பெட்டி எனக்குத் தலைகீழாகக் கிடந்திருக்கிறது. இங்கிலீஷ் படித்தவர்களுக்கு மற்ற எழுத்துகளைப் பார்த்தாலே அது தலைகீழ் என்று தெரிந்துவிடும். எனக்கு அந்த எழுத்துகள் நேராக இருந்தாலும் ஒன்றுதான், கவிழ்ந்து கிடந்தாலும் ஒன்றுதான். இத்தனை வருடமும் யாராவது ஒருவர் நேராகப் பிடித்துக் காட்டித்தான் நான் படித்திருக்கிறேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மருந்து சரியான மருந்து. அது போதும். பக்கத்தில் நின்ற சிஸ்டரின் மணிக்கட்டைப் பார்த்தேன். என் விரல் பட்ட இடம் சிவந்திருந்தது.

"போடுங்க தாயி" என்றேன்.

மருந்து மெதுவாக ஏறியது. படுத்திருந்த மகன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "எம்மா, இனிமே நம்மள இந்த ஆஸ்பத்திரிக்குள்ள விடுவாகளா?" சிஸ்டர் சிரித்துவிட்டாள். அவன் பேச்சைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதுவரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.

மத்தியானத்துக்குள் ஸ்கேன் எடுத்தார்கள். மருமகள் வந்து சேர்ந்தாள். நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடந்ததைச் சொன்னேன். "நல்லவேள அத்த, அந்தப் பிள்ளை கைய ஒடிக்காம விட்டீகளே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார். தலைக்குள் ரத்தம் எதுவும் இல்லை, நாளைக்கு ஒரு டோஸ் போட்டுவிட்டு அனுப்பிவிடலாம் என்றார். மருமகள் அப்போதுதான் அழுதாள். நான் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் மனசு லேசாக இருந்தது. எல்லா எண்ணையும் மனசுக்குள்ளேயே கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, பத்து கவிழ்ந்தாலும் மாறாது. கவட்டை வருகிற எண்கள் கவிழ்ந்தால் கூரை மாதிரி ஆகிவிடும், காட்டிக்கொடுத்துவிடும். பன்னிரண்டு கவிழ்ந்தால் இரண்டு குச்சி முன்னால் வரும், அப்படி ஓர் எண்ணே கிடையாது. ஒன்பதும் பதினொன்றும் மட்டும் ஆள் மாறி நிற்கும். நான் ஒன்றும் சும்மா தப்பாகப் படிக்கவில்லை. இருக்கிறதிலேயே கள்ள எண்ணிடம்தான் மாட்டியிருக்கிறேன். மகனிடம் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா, ஒங்கிட்டத் தப்பே கிடையாது" என்றான். வாந்தி நின்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அதே சிஸ்டர் வந்தாள். குப்பியைத் தொடும் முன்னால் பெட்டியை என் கையிலேயே கொடுத்தாள். "அம்மச்சி நோக்கிச் சொல்லட்டும், பிறகுதான் கலக்குவேன்."

"எது தல, எது காலுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதச் சொல்லு முதல்ல."

அவள் பெட்டியில் ஓர் எழுத்தைத் தொட்டுக் காட்டினாள். மருந்தின் பெயர் அதில்தான் தொடங்குகிறதாம், எஃப் என்றாள். ஒரு கம்பம், அதில் கொடி மாதிரி இரண்டு கோடு. கொடி மேலே, வலது பக்கம் பறந்தால் பெட்டி நேராக இருக்கிறது. கீழே தொங்கினால் தலைகீழ். நான் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நிமிர்த்திப் பார்த்தேன். திரும்பவும் கவிழ்த்தேன். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை.

"எம்மா, அந்த மருந்து எனக்கா ஒனக்கா?" என்றான் மகன், கையை நீட்டிக்கொண்டே.

பெட்டியை நிமிர்த்திப் பிடித்தேன். "ஒம்போது. கலக்கும்மா" என்றேன்.