கண்டக்டர் சொன்ன ‘இல்லே’

பெங்களூர் சிவாஜிநகரில் பஸ் மாறி உட்கார்ந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. அப்பாவின் பிடிவாதத்துக்காக வங்கித் தேர்வு எழுதி எழுதியே மூன்று வருடம் பாழாகிவிட்டது. இனிமேல் என் இஷ்டம். பிரேசர் டவுன் பேக்கரி ஒன்றில் கேக் போடக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

பஸ் ஒரு ஸ்டாப்பில் நிற்கிறது. “பிரேசர் டவுன் இதுவா?” என்று கண்டக்டரிடம் கேட்கிறேன்.

“இல்லே, இல்லே,” என்கிறார். நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

“இல்லே!” என்று மறுபடியும் கத்துகிறார். எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. “இல்லைன்னா விடுங்களேன், எதுக்குக் கத்துறீங்க?”

பக்கத்து சீட்டில் நோட்டுக் கட்டோடு இருக்கும் டீச்சர் என் தோளைத் தட்டுகிறார். “அய்யோ, கன்னடத்துல ‘இல்லே’ன்னா ‘இங்கயே’ன்னு அர்த்தம்மா. சீக்கிரம் எறங்கு!”

விழுந்தடித்து இறங்குகிறேன். எதிரிலேயே பேக்கரி, ரொட்டி வேகும் வாசனை வருகிறது. போன் அடிக்கிறது. அப்பாதான்.

“மரியாதையா திரும்பி வந்துடு. அங்க உனக்கு என்ன இருக்கு? ஒண்ணும் இல்லே!”

அப்பாவுக்குக் கன்னடம் தெரியாது.

“ஆமாப்பா, இல்லேதான்!” என்று கத்திவிட்டுப் போனை வைக்கிறேன்.