கலை ஸ்கிரீனில் வைத்த கொசுறு

கலைவாணி போய்விட்டாள்... நம் முந்திரிக் கடையின் வெப்சைட்டை நடக்க வைத்தவள். ஒன்பது நாள் காய்ச்சல். இன்று விடியற்காலை அவள் தம்பி போன் பண்ணி, "அக்கா... அக்கா..." என்று இரண்டு தரம் கூப்பிட்டான். போனை வைத்துவிட்டான்.

முப்பத்தொரு வயசு. எனக்கு அவளைவிடப் பதினோரு வயசு கூட.

கடையில் வாங்குகிறவர்கள் நிறைய பேர் இந்தப் பேஜில் இருக்கிறீர்கள். அவளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவள் செய்ததை உங்கள் விரல் தொட்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் நான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஐந்து பெண்கள், வடக்குத்து. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் வெந்து தோல் உரியும்... சோறு பிசைந்தால் எரியும். அதை விட்டுவிட்டுத்தான் சந்தையில் சொந்தமாகப் பருப்பு விற்க ஆரம்பித்தோம். ஆன்லைன் கடையும் போட்டோம்.

வெப்சைட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். யாரும் வாங்கவில்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்பது, இல்லையென்றால் மறுபடி கொட்டை உடைக்கப் போவது என்று பேசி வைத்திருந்தோம்.

அப்போதுதான் கலை வந்தாள். சென்னையில் பெரிய பெரிய ஆன்லைன் கடைகளுக்கு டிசைன் பண்ணியவள். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இங்கே சுரங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியிருந்தாள்.

வந்தவள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னாத்தப் பாத்துக்கினு இருக்கற?" என்று கேட்டேன்.

"உங்க கையத்தாங்க்கா."

"கையில இன்னா இருக்குது? கறைதான் இருக்குது."

"எடை போட்டு முடிச்சதும் ஒரு செகண்ட் நிக்கறீங்க. வாங்கறவங்க மூஞ்சியப் பாக்கறீங்க. அப்பறம் ரெண்டு பருப்பு போடறீங்க. அந்த ரெண்டுலதாங்க்கா அவங்க சிரிக்கறாங்க."

சந்தையில் உட்கார்ந்த நாளிலிருந்து செய்கிறேன். நான் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது...

அடுத்த வாரம் போனைக் கொண்டு வந்து நீட்டினாள். அரைக் கிலோ என்பதைத் தொட்டேன். படத்தில் இருந்த பாக்கெட்டில் பருப்பு பொலபொலவென்று விழுந்தது. நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் மெதுவாக இரண்டு பருப்பு... டொக், டொக்.

ஐந்து பேரும் போன்மேல் குனிந்து பார்த்தோம். எங்களில் சரோஜாதான் முதலில் பேசினாள். "அடிப் பாவி! இவ கைய எட்த்து உள்ள வெச்சிட்டியாடி?"

"படத்துல ரெண்டு விழுந்தா பாக்கெட்லயும் விழணும்ங்க்கா. இல்லன்னா நாம ஏமாத்தறவங்க ஆயிடுவோம்" என்றாள் கலை. இன்று வரைக்கும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அவளும் ஒரு தப்பு செய்தாள். வாங்குகிற பட்டனை நல்ல சிவப்பாக வைத்தாள். கண்ணை இழுக்கும் என்றாள். வெளியூரிலிருந்து ஆர்டர் வந்தது. டவுன்ஷிப்பில் இருந்து ஒன்றுகூட வரவில்லை.

காரணம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு, மைன்ஸில் ரிட்டயர் ஆகப் போகிற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனாள். போனைக் கொடுத்து, "நீங்களே வாங்குங்க பெரியப்பா, நாங்க பேச மாட்டோம்" என்றாள்.

எல்லாம் பார்த்தார். விரல் பட்டன் வரைக்கும் போனது... அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"சேப்பா இருக்குதேம்மா. முப்பது வருசம் கன்வேயர் பெல்ட்டுல வேல பாத்தவன். சேப்பு பட்டன சும்மா அமுக்குவனா? எல்லாம் நின்னு போச்சுன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலை சிரிக்கவில்லை. "உங்க விரல் சரிதான் பெரியப்பா. என் பட்டன்தான் தப்பு" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

பச்சை ஆக்கினாள். அமுக்கினால் கொஞ்சம் உள்ளே போகிற மாதிரி செய்தாள். கூடவே போன் லேசாக ஒரு தரம் அதிரும்.

பெரியவர் அமுக்கினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். மறுபடி மறுபடி அமுக்கினார். "அட! வாங்கிக்கினேன்னு கைக்கே சொல்லுதே!"

"போதும் வுடுங்க, நாலு கிலோ ஆவுது!" என்று உள்ளே இருந்து வந்து எட்டிப் பார்த்த அவர் வீட்டம்மா கத்தினார்.

அந்தப் பெரியவர் சொல்லித்தான் அவர் பிளாக் முழுக்க வாங்க ஆரம்பித்தது. அந்தத் தீபாவளிக்கு நாங்கள் ஐந்து பேரும் உட்கார நேரமில்லாமல் பேக்கிங் பண்ணினோம். கொட்டை உடைக்க யாரும் போகவில்லை.

ஒரு விரல் ஏன் தயங்குகிறது என்று இவ்வளவு யோசிப்பார்களா ஒருத்தர்... யார் விரல் என்றே தெரியாமல்... எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்து முந்தாநாள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, அட்ரஸ் அடிக்கற எடத்துல எழுத்து சின்னதா இருக்குது. இங்க பக்கத்து பெட்ல இருக்கற ஆயாகிட்டக் காட்டுனேன், கண்ணச் சுருக்கறாங்க. வூட்டுக்கு வந்ததும் பெருசாக்கிடறேன்."

இன்று மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீட்டுக்கு வந்து, போனில் கடையைத் திறந்து பார்த்தேன். எழுத்து சின்னதாகத்தான் இருக்கிறது. எங்கள் ஐந்து பேருக்கும் அதை மாற்றத் தெரியாது.

அட்ரஸ் அடிக்கக் கஷ்டமாக இருந்தால் போன் பண்ணிச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

போய் வாம்மா கலை...